அன்றன்றைக்கு வாங்கி விற்ற காலம்

இறங்குதுறையில் எண்ணெய் சிந்திக் கிடந்த இடத்தில் கால் வழுக்கி விழுந்தபோது என் முழங்கால் சில்லு பிளந்துவிட்டது. அப்போது நான் திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். பாரந்தூக்கியின் ஏணியில் ஏற முடியாதவனுக்கு அங்கே வேறு வேலை கிடையாது. கால் சரியாகும்வரை அரைச் சம்பளத்தில் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அரிசியிலிருந்து பனடோல் மாத்திரை வரைக்கும் எல்லாம் விலையேறி, சம்பளம் மட்டும் பழைய இடத்தில் நின்ற காலம் அது. மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பின்னேரத்தில் ரியூசனும் கொடுத்தாள். அவள் உழைக்க நான் விறாந்தைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு உட்புறத் துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு வேலை செய்த நண்பன் ஒருவன் கிண்ணியாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவான். கப்பலில் ஏறும் இறங்கும் சரக்கைப் பதிவது அவன் வேலை. வேலை முடிந்து பாலம் தாண்டி வீட்டுக்குப் போகுமுன் என்னிடம் வந்து கொஞ்ச நேரம் இருப்பான். கொழும்புப் பங்குச் சந்தையில் அவன் சிறிது காலமாகப் பங்குகள் வாங்கி விற்றுவந்தான். ஒருநாள் என் போனை வாங்கி அதற்கான செயலியை ஏற்றினான்.

"சும்மா கப்பல எண்ணிக்கிட்டு இரிக்காத மச்சான். இதப் படி. படிக்கிறதுக்குக் காசு வேணா," என்றான்.

நான் படித்தேன். வேறு வேலை இல்லாதவனின் படிப்பு என்பதால் வேகமாகவே படித்தேன். ஒரு பங்கைக் காலையில் வாங்கி, சந்தை மூடுமுன் அதே நாளில் விற்றுவிடுவதுதான் நாள் வர்த்தகம். கம்பனி நல்லதா, பத்து வருடத்தில் வளருமா என்பதெல்லாம் அதில் முக்கியமில்லை. இன்று இந்த விலை எந்தப் பக்கம் அசையும் என்பது மட்டும்தான் கேள்வி. இரவில் எதையும் கையில் வைத்திருக்காததால் நித்திரை கெடாது என்று எங்கோ எழுதியிருந்தார்கள். அது எனக்குப் பிடித்துப்போனது.

முதலில் ஒரு சிறிய தேயிலைத் தோட்டக் கம்பனியின் பங்கை வாங்கினேன். மத்தியானத்துக்குள் விலை ஏறிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சூடு. விற்கப் போட்டேன். யாரும் வாங்கவில்லை. திரையில் அந்த விலை எழுதியபடியே இருந்தது, ஆனால் அந்த விலைக்கு வாங்க ஒரு மனிதனும் அங்கே இல்லை. சந்தை மூட மணியடிக்கும் நேரத்தில் வேறு வழியில்லாமல் வாங்கிய விலைக்குச் சற்று மேலே தள்ளிவிட்டேன். வாங்கியதற்கும் விற்றதற்கும் தரகுக் கூலி கழித்தபின் பார்த்தால், லாபம் என்று நினைத்தது நட்டமாக இருந்தது.

நண்பன் சிரிக்கவில்லை. "எனக்கும் அப்பிடித்தான் நடந்தது. பெரிய கம்பனிப் பங்கைப் பாரு. அதில வாங்கவும் விக்கவும் எப்பவும் ஆக்கள் நிப்பாங்க," என்றான்.

திரையில் தெரியும் விலை யாரோ ஒருவர் கடைசியாகக் கொடுத்த விலை. எனக்கும் அதைத் தருகிறேன் என்று அங்கே எவரும் வாக்குக் கொடுக்கவில்லை. பின்னர் எத்தனையோ சந்தைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இந்த ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதை மறந்துதான் உள்ளே போனேன்.

கொழும்புச் சந்தை எனக்கு மெதுவாகத் தெரியத் தொடங்கியது. காலையில் திறந்து பின்னேரத்துக்கு முன்பே மூடிவிடும். மிச்ச நேரம் என்ன செய்வது? வெளிநாட்டு நாணயங்களையும் தங்கத்தையும் வாங்கி விற்கும் ஒரு செயலியைக் கண்டுபிடித்தேன். அதில் பயிற்சிக் கணக்கு ஒன்று இருந்தது. பொய்க் காசு, உண்மை விலை. அதில் விளையாடிப் பழகலாம். பழகினேன். இரண்டு கிழமைக்குள் பொய்க் காசு பெருகிப் பெருகி, நான் ஒரு மேதை என்று நினைக்கும் அளவுக்கு வந்தது. மனைவி குசினியிலிருந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"உங்கட காசு இல்லைத்தானே. அதுதான் கை நடுங்கேல்ல," என்றாள்.

உண்மைக் காசு போட முடிவுசெய்தபோது நண்பன் தடுத்தான். அந்த விதமான கம்பனிகள் நாட்டுக்கு வெளியே இருந்தன. வெளியே டொலர் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருந்தன. பாங்க் அட்டையால் அவற்றுக்குக் கட்ட முடியாது. ஆகவே முன்பின் தெரியாதவர்களிடம் இணையத்தில் டிஜிட்டல் நாணயம் வாங்கி, அதை உள்ளே அனுப்புவதுதான் பலரும் செய்த வழி.

"நாளைக்கு ஏதும் நடந்தா ஆரிட்டப் போய் முறையிடுவாய்?" என்று கேட்டான். "கொழும்பில எண்டா ஒரு தரகர் கந்தோர் இரிக்கி, மேல ஒரு ஆணைக்குழு இரிக்கி. இவனுக்கு ஒரு கதவு கூட இல்ல தட்டுறதுக்கு."

அவனுக்கு வேறொரு தடையும் இருந்தது. கடன் வாங்கி வியாபாரம் பண்ணுவதுபோன்ற இந்த முறையும், இரவு தாண்டினால் வட்டி எடுப்பதும் அவனுடைய இஸ்லாமிய மார்க்கத்துக்கு ஒத்துவரவில்லை. வட்டியில்லாக் கணக்கு என்று அந்தக் கம்பனி விளம்பரம் போட்டிருந்தது. அவன் அதன் விதிகளை முழுக்க வாசித்துவிட்டு, "வட்டியத்தான் வேற பேரில எடுக்கிறான்," என்று சொல்லி விலகிவிட்டான். கொழும்புப் பங்குகளோடு நின்றுகொண்டான். நான் போனேன்.

அந்தக் கடன்முறையை லெவரேஜ் என்பார்கள். என்னிடம் இருப்பதைப்போல நூறு மடங்குக்குத் தங்கம் வாங்க விடுவார்கள். தங்கம் நூற்றில் ஒரு பங்கு ஏறினால் என் பணம் இரட்டிப்பாகும். நூற்றில் ஒரு பங்கு இறங்கினால் ஒன்றும் மிஞ்சாது. தங்கம் நூற்றில் ஒரு பங்கு அசைவதற்கு ஒரு பின்னேரம் போதும். இதை நான் அறியாமல் செய்தேன் என்று சொல்ல ஏலாது. நன்றாக விளங்கித்தான் செய்தேன். ஆபத்தை விளங்கிக்கொள்வதும் அதற்குப் பயப்படுவதும் மனதில் வேறு வேறு இடத்தில் நடக்கின்றன போலும்.

தற்காப்புக்கு ஒரு வழி இருந்தது. இந்த விலைக்குக் கீழே போனால் என்னைக் கேட்காமலே விற்றுவிடு என்று முன்கூட்டியே ஒரு கோடு போட்டுவைக்கலாம். ஸ்டொப் லொஸ் என்பது அதுதான். ஒவ்வொரு முறையும் கோட்டைப் போட்டேன். ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் இழந்தால் போனை மூடிவிடுவது என்று மனைவிக்குச் சொல்லி வைத்தேன். லாபம் வந்த நாளும் நட்டம் வந்த நாளும் அவளுக்குத் தெரியும். மத்தியானம் லண்டன் சந்தை திறக்கும், இருட்டும் நேரத்தில் அமெரிக்கா திறக்கும். டிஜிட்டல் நாணயங்களுக்கோ மூடுவது என்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி எதுவும் அதற்குக் கிடையாது. அதைச் சில நாள் செய்து பார்த்து, சாப்பிடும்போதும் திரையைப் பார்க்கத் தொடங்கியதும் விட்டுவிட்டேன். அந்த ஒன்றில் மட்டும் எனக்குப் புத்தி இருந்தது.

பிறகு ஒரு நல்ல காலம் வந்தது. சில கிழமைகள் தொட்டதெல்லாம் சரியாகப் போயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் அத்தான் வந்தார்.

அவர் அக்காவின் கணவர். வெருகல் பக்கம் வீடு. நீர்ப்பாசனப் பகுதியில் வாழ்க்கை முழுக்க வாய்க்கால் வாய்க்காலாக அலைந்து, அண்மையில்தான் ஓய்வு பெற்றிருந்தார். அதிகம் கதைக்காத, கைக்காசு வீணாக்காத மனிதர். என் காலைப் பார்க்கவென்று தயிர்ச் சட்டியோடு பஸ்ஸில் வந்தவர், பக்கத்துக் கதிரையில் இருந்து திரையை எட்டிப் பார்த்தார். நான் தங்கம் வாங்கினேன். அவர் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் விற்றேன்.

"இப்ப என்ன நடந்தது?" என்று கேட்டார்.

சொன்னேன். எவ்வளவு வந்தது என்றும் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. வெறுங் கோப்பையைக் கையில் பிடித்தபடியே மறுகை விரலால் ஏதோ கணக்குப் பார்த்தார்.

"என்ர மாதப் பென்சன் இவ்வளவுதான்," என்றார்.

அடுத்த கிழமை மறுபடி வந்தார். இந்த முறை அக்காவுக்குச் சொல்லாமல் வந்திருந்தார். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடைப் பணம் பாங்கில் கிடந்தது. மகளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும், அந்தப் பணம் அத்திவாரத்துக்குத்தான் காணும் என்றார்.

"நீர் செய்யும். உமக்குத்தானே தெரியுது. வாறதில பாதி உமக்கு. பிழைச்சாலும் நான் ஒரு கதையும் கதைக்கமாட்டன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் நான் ஏற்கெனவே யோசித்துவிட்டேன். அவருடைய பணத்தோடு ஒரே அசைவில் எவ்வளவு வரும் என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்திருந்தேன். அவருக்கு உதவுகிறேன் என்று அதற்கு நானே ஒரு பெயரும் வைத்திருந்தேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள் அமெரிக்காவின் வேலைவாய்ப்பு அறிக்கை வரும் நாள் வந்தது. அப்படிப்பட்ட அறிக்கை வரும்போது தங்கம் துள்ளும். அதைத் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் கை வைக்காமல் இருப்பார்கள். நான் ஏறும் என்று வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்டொப் லொஸ் கோட்டையும் போட்டுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் காத்திருந்தேன். மனைவி ரியூசனுக்குப் போயிருந்தாள்.

அறிக்கை வந்ததும் விலை விழுந்தது. படிப்படியாக இறங்கவில்லை, குதித்தது. என் கோடு இருந்த இடத்தில் அந்த நொடியில் வாங்குவார் எவரும் இல்லாததால், கோட்டுக்கு வெகு கீழேதான் எனக்கு விற்றுக் கொடுத்தார்கள். நான் எண்ணி வைத்திருந்ததைவிட மூன்று மடங்கு நட்டம். போனை மூடுவதாக மனைவிக்குச் சொன்ன அளவு அந்த ஒரே அடியிலேயே தாண்டிப் போயிற்று. மூடவில்லை. விழுகிற பக்கம்தானே போகிறது என்று, இரண்டு மடங்கு அளவில் விழும் பக்கத்துக்குப் போட்டேன்; விலை விழும் என்றும் அந்தச் செயலியில் பந்தயம் கட்டலாம். கோடு போடவில்லை. அது கொஞ்சம் விழுந்து, நின்று, திரும்பி, வந்ததைவிட வேகமாக மேலே ஏறியது. நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், திரையோடு கதைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். பிறகு நட்டத்தைத் தாங்க என் பணம் போதாமல் போனதும் கம்பனியே என் வர்த்தகத்தை மூடியது. கணக்கில் ஒன்றும் இல்லை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

மனைவி வந்து செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். நான் சொன்னேன். அவள் பக்கத்தில் வந்து இருந்தாள். ஏசவில்லை.

"எல்லாமோ?"

"ஓம். எல்லாம்."

என் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இண்டைக்கு அத்தான்ர காசும் இதுக்குள்ள இருந்திருந்தா, கையை எடுத்திருப்பீங்களோ?" என்று கேட்டாள்.

நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். எடுத்திருக்கமாட்டேன். அவருடைய பணத்தை மீட்க வேண்டும் என்று இன்னும் பெரிதாகப் போட்டிருப்பேன். தங்கம் எந்தப் பக்கம் போகும் என்பது எனக்குத் தெரியவில்லை என்பதல்ல விஷயம். அது யாருக்கும் தெரியாது. ஒரு அடி விழுந்தபின் நான் என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. அன்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். வெறுமையான கணக்கை அவருக்குத் திறந்து காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். "உங்கட காசை என்னால வாங்க ஏலாது அத்தான்," என்றேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"போன கிழமை நான் கண்ணால கண்டனான். இப்ப எல்லாம் போயிட்டுது எண்டுறீர். வேற கணக்கில மாத்திப்போட்டு இதைக் காட்டுறீரோ எண்டு எனக்கென்ன தெரியும்?"

"நான் ஏன் அப்பிடிச் செய்ய வேணும்?"

"ஒருத்தருக்கு வாய்ச்சதை மற்றவைக்குக் காட்ட ஆருக்கும் மனம் வராது. பிழையில்லை. சொல்லியிருந்தால் விளங்கியிருப்பன்."

மனைவி சாப்பிடச் சொல்லிக் கேட்டாள். பஸ் போய்விடும் என்று சொல்லி எழும்பிவிட்டார். ஒரு மனிதன் தன் நட்டத்தைக் காட்டியும் நம்பப்படாமல் போவான் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆனால் அவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் அதிலும் நியாயம் இருந்தது. அவர் கண்டது ஒரே ஒரு வர்த்தகம். அது லாபத்தில் முடிந்தது. மற்றவை எல்லாம் அவர் வீட்டுக்குப் போனபின்தான் நடந்தன.

சில மாதங்கள் அவர் என்னோடு கதைக்கவில்லை. என் கால் தேறி, ஏணி ஏறலாம் என்று வைத்தியர் சொல்லி, நான் வேலைக்குத் திரும்பினேன். அப்போது ஒருநாள் அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"இவர் போனில ஏதோ குழுவில சேர்ந்திருக்கிறார். ஒரு மாஸ்டராம், படிப்பிக்கிறாராம். காசு போட்டா ஒவ்வொரு நாளும் லாபம் ஏறுதாம். நான் கேட்டால் உன்ர தம்பிக்கு மட்டும்தான் தெரியுமோ எண்டுறார். நீ ஒருக்கா வா."

அடுத்த விடுமுறை நாளில் பஸ் ஏறினேன். சீனன்குடா, கிண்ணியாப் பாலம், மூதூர் எல்லாம் தாண்டி வெருகல் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. முருகன் கோவில் திருவிழாக் காலம். வீதியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். அத்தான் வேட்டியோடு கோவிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. வென்றவர் முகம். தானாகவே போனைக் காட்டினார். ஏதோ ஒரு டிஜிட்டல் நாணயம். தொகை ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் ஏறியிருந்தது.

அந்தத் தொகைகளை மேலிருந்து கீழே இன்னொருமுறை பார்த்தேன். நான் பார்த்த எந்தச் சந்தையும் அப்படி ஏறியதில்லை. உண்மைச் சந்தையில் ஏறும் நாளும் இருக்கும், இறங்கும் நாளும் இருக்கும். இதில் இறங்கிய நாளே இல்லை.

"அத்தான், இதில இருந்து எப்பவாவது காசு எடுத்தனீங்களோ?"

"முதல் மாதம் கொஞ்சம் எடுத்தனான். உடன பாங்குக்கு வந்தது. பிறகுதான் கூடப் போட்டனான்."

"இப்ப பாதியை எடுக்கக் கேட்டுப் பாருங்கோ. எனக்காக இல்லை. வந்தால் நான் உங்களிட்ட மன்னிப்புக் கேட்டுப்போட்டுப் போறன்."

அக்கா வாசலில் நின்றாள். அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு விரலால் அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்த மாஸ்டரிடமிருந்து பதில் வந்தது. பெரிய தொகை என்பதால் எடுக்குமுன் வரி கட்ட வேண்டும், கட்டியதும் எல்லாம் சேர்த்து அனுப்புவோம் என்று எழுதியிருந்தது. அதை அவர் சத்தமாக வாசித்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"வரியை இதில கழிச்சுப்போட்டுத் தாங்கோ எண்டு கேளுங்கோ," என்றேன்.

கேட்டார். அப்படிச் செய்ய முடியாது என்று வந்தது. மறுபடி கேட்டார். பதில் வரவில்லை. பிறகு பார்த்தால் அவரைக் குழுவிலிருந்தே நீக்கியிருந்தார்கள். அத்தான் போனை மடியில் வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் பார்த்தபடி இருந்தார். கோவில் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்காதான் கடைசியில் உள்ளே போய் எல்லாருக்கும் சோறு போட்டாள்.

முழுவதும் போகவில்லை. பாதிப் பணம் இருவர் பெயரிலும் நிலையான வைப்பில் கிடந்தது. அதை உடைக்க அக்காவின் கையெழுத்து வேண்டும். அவர் இரண்டு முறை கேட்டும் அவள் போடவில்லை. ஏன் போடவில்லை என்று நான் பிறகு கேட்டேன். "அவர் சந்தோசமாக் கேட்டவர். அவர் ஒருநாளும் காசு விஷயத்தில சந்தோசமாக் கதைக்கிறேல்ல," என்றாள்.

மறுநாள் நானும் அத்தானும் பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதினோம். அதைப் பதிந்த பொலிஸ்காரர் இது போலப் பலர் வருகிறார்கள் என்றார். பணம் இதுவரை வரவில்லை, வரும் என்று அத்தானும் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில் அவர் சொன்னது ஒன்றுதான்: "நீர் நட்டத்தைக் காட்டினீர். அவன் லாபத்தைக் காட்டினான்." அதில் மன்னிப்பு இருந்ததா, குற்றச்சாட்டு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

என் நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவனுக்கு அத்தானை முன்பின் தெரியாது. ஆனாலும் வெகு நேரம் தலையைக் குனிந்தபடி கேட்டான். அவனுடைய ஊரிலும் அதே குழுவில் ஆட்கள் இருந்தார்களாம். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் தன் பள்ளிவாசலில் அதைப் பற்றிப் பேசச் சொல்லி மௌலவியிடம் கேட்டிருக்கிறான். சிலர் நேரத்துக்குக் கையை எடுத்தார்கள். சிலர் அவன்மேல் கோபப்பட்டார்கள்.

நான் வெளிநாட்டுச் செயலியை மறுபடி திறக்கவில்லை. கொழும்புச் சந்தையில் விடுமுறை நாட்களில் சிறிய அளவில் இப்போதும் செய்கிறேன். வருட முடிவில் கூட்டிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஏன் பிறகும் செய்கிறீர்கள் என்று மனைவி கேட்பாள். காலையில் விலைகள் அசையத் தொடங்கும்போது மனதில் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காருகிறது. அது ஆசையா ஆர்வமா என்று பிரித்தறிய நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன். ஆசை என்று படுகிற நாட்களில் போனை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன்.

அத்தான் குத்தகைக்கு வயல் எடுத்து நெல் போட்டார். போன அறுவடைக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். சாக்குகள் முற்றத்தில் அடுக்கியிருந்தன. வியாபாரி வந்து ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தான். இப்போது விற்பதா, விலை ஏறும்வரை வைத்திருப்பதா என்று அவரும் அக்காவும் வாக்குவாதப்பட்டார்கள். என்னையும் கேட்டார்கள். நான் தெரியாது என்றேன். கடைசியில் பாதியை விற்று, பாதியை அறைக்குள் ஏற்றினோம். எனக்குச் சாக்குத் தூக்கக் கால் விடவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அத்தான் ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்.